இரண்டு மடங்கு என்னும் ஆசை

மார்கழி விடுமுறையில் தாயகம் வரும் நண்பர்கள் சிலர் இப்போது பெரிய கமராக்களுடன் வந்திறங்குகின்றனர். மன்னாருக்குச் சென்று பூநாரைகளைப் படமெடுக்க வேண்டும் என்கின்றனர். அவர்களுள் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் கேட்டார்: "என்னிடம் இருப்பது 400 மில்லிமீற்றர் லென்ஸ். இரண்டு மடங்கு ரெலிகொன்வேட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினால் அது 800 ஆகிவிடும்தானே?"

ஆகும். ஆயினும் அதை வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். 1.4 மடங்குக் கொன்வேட்டர் போதும் என்பது என் முடிவு.

ரெலிகொன்வேட்டர் என்பது லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் பொருத்தப்படும் சிறிய வில்லைத் தொகுதி. லென்ஸ் தரும் பிம்பத்தின் நடுப்பகுதியை அது விரித்துக் கொடுக்கின்றது. புதிதாக ஒளி எதனையும் சேர்ப்பதில்லை. விரிக்க விரிக்க ஒளி மெலிகின்றது. 1.4 மடங்கில் பாதி ஒளி போய்விடும். இரண்டு மடங்கிலோ எஞ்சுவது கால்வாசி மட்டுமே.

நான் சோதித்தது கனொன் நிறுவனம் 1993 இல் வெளியிட்ட 400 மில்லிமீற்றர், எஃப் 5.6 லென்ஸை. எடை ஒன்றேகால் கிலோகிராம். கைநடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி அதில் இல்லை. 1.4 மடங்கைப் பொருத்தினால் அது 560 மில்லிமீற்றர், எஃப் 8 ஆகின்றது. இரண்டு மடங்கில் 800 மில்லிமீற்றர், எஃப் 11. எஃப் 11 இல் பழைய கமராக்களின் தானியங்கிக் குவியம் வேலை செய்யாது; கண்ணாடியில்லாப் புதிய கமராக்கள் பல அதைச் சமாளிக்கின்றன. கடைக்காரர் இத்துடன் பேச்சை நிறுத்திக்கொள்வார். மிகுதிக் கணக்கை நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும். காலை ஒளியில், கொன்வேட்டர் இல்லாமல், செக்கனில் 400 இல் ஒரு பங்கு வேகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 400 போதுமானது என்று கொள்வோம். 800 மில்லிமீற்றரைக் கையில் பிடித்து ஆடாமல் எடுப்பதற்கு 800 இல் ஒரு பங்கு வேகமாவது தேவை. ஒளி நான்கில் ஒன்றாகவும் நேரம் பாதியாகவும் குறைவதால் ஐ.எஸ்.ஓ. 3200 வேண்டும். 1.4 மடங்குக்கு ஏறத்தாழ 1100 போதும். இறகின் நுண்வரிகள் 3200 இன் புள்ளிகளுக்குள் கரைந்துபோவதற்கா இவ்வளவு செலவு?

சோதனைக்குப் பறவை உதவாது, அது அசையும். சுவரில் ஒட்டிய பத்திரிகைப் பக்கமே நல்லது. மரண அறிவித்தல் பக்கத்தையே நான் ஒட்டினேன். எங்கள் பத்திரிகைகளில் அதைவிடச் சிறிய எழுத்துகளை நெருக்கி அச்சிடும் பக்கம் வேறில்லை! 25 மீற்றர் தூரத்தில் முக்காலியை ஊன்றி, கையால் தொடாமல் நேரங்காட்டியில் இயக்கி, மூன்று விதமாகவும் எடுத்தேன். பலர் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பெரிதாகத் தெரிவதையே சிறந்தது என்று எண்ணிவிடுகின்றனர். கொன்வேட்டர் இல்லாமல் எடுத்த படத்தையும் கணினியில் அதே அளவுக்குப் பெருப்பித்து ஒப்பிட்டால்தான் அது சோதனை. அவ்வாறு பார்த்தபோது, பெருப்பித்த படத்தில் வாசிக்க முடியாதிருந்த சில வரிகளை 1.4 மடங்குப் படத்தில் வாசிக்க முடிந்தது. இரண்டு மடங்குப் படமோ, பெருப்பித்த 1.4 படத்தைவிட மேலதிகமாக ஓர் எழுத்தைத்தானும் தரவில்லை. கறுப்பு சாம்பலாக வெளுத்திருந்ததுதான் மிச்சம். எஃப் 2.8 லென்ஸ் வைத்திருப்பவரின் கதை வேறு. இரண்டு மடங்கிலும் அவருக்கு எஃப் 5.6 கிடைக்கும். அந்த லென்ஸின் விலை நம்மில் எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்?

சுவரில் தேறியது சேற்றுவெளியிலும் தேறும் என்று சொல்வதற்கில்லை. வெயில் ஏறியதும் உவர்நிலத்திலிருந்து கானல் எழும்பத் தொடங்கிவிடும். 150 மீற்றருக்கு அப்பால் நிற்கும் பூநாரையின் கால்கள் நெளியும். கொன்வேட்டர் அந்த நெளிவையும் சேர்த்தே பெருப்பிக்கும். லென்ஸ் பழுது என்று பலர் குறைப்படுவது உண்மையில் காற்றின் குற்றம். காலை ஒன்பது மணிக்குள் எடுத்து முடிக்காவிட்டால், எந்தக் கண்ணாடியாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

"இத்தனை தொல்லை எதற்கு, இறங்கிக் கிட்டப் போய் எடுத்தால் ஆயிற்று" என்று சொல்வாரும் உளர். அவர்களுடன் நான் உடன்படேன். மன்னார்த் தீவுக்குச் செல்லும் பாதையின் அருகே விரியும் வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. (2009 வரை அந்தப் பக்கமாக நீண்ட லென்ஸ் ஒன்றை நீட்டுவது எத்தகைய விபரீதத்தில் முடிந்திருக்கும் என்பதை இளையோர் அறியமாட்டார்கள்.) பூநாரைகள் இலங்கையில் குஞ்சு பொரிப்பதில்லை; இரை தேடியே வருகின்றன. தலையைக் கவிழ்த்து ஆழங்குறைந்த நீரைச் சல்லடையிட்டு உண்ணும் பறவையை ஒரு படத்துக்காக எழுப்பினால், இரை தேடும் நேரமும் பறப்பதற்கான வலுவும் அதற்கு வீணாகும். பாதையோரத்தில் நின்றபடியே எட்டக்கூடிய தூரத்தைச் சற்று நீட்டித் தருவதனால்தான் 1.4 மடங்குக் கொன்வேட்டருக்கு என் பையில் இடம் உண்டு. படம் நிறையப் பறவை வேண்டும் என்பதும் ஒரு வெறிதான். சேறும் நீரும் அருகே ஊசிவால் வாத்துகளும் தெரியும் படத்தையே நான் பத்திரிகைக்குத் தெரிவு செய்வேன்.

மன்னாருக்குப் போகும் நண்பருக்கு இன்னுமொன்றையும் சொல்லி வைத்தேன். மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் ஒருமிக்கத் தலை தூக்கி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால், அது பறப்பதற்கு முன்னைய நிலை. அதற்கு மேல் ஓர் அடியும் எடுத்து வைக்கக் கூடாது.