அறத்திற்கு மதம் பிணையா?

கோயிலுக்குப் போகாத பிள்ளை கெட்டுப்போய்விடும் என்ற அச்சம் புலம்பெயர்ந்த எமது இல்லங்கள் பலவற்றில் குடிகொண்டுள்ளது. இறைநம்பிக்கை தளர்ந்தால் ஒழுக்கமும் தளர்ந்துவிடுமா?

இவ்வினா முன்னர் இரு அகதிகளின் சிந்தனையையும் ஆட்கொண்டது. பிரான்ஸில் புரட்டஸ்தாந்தர் ஒடுக்கப்பட்டபோது, 1681இல் ஒல்லாந்தின் றொட்டர்டாம் நகரில் தஞ்சமடைந்தார் பியேர் பெய்ல். 1680இல் தோன்றிய வால்வெள்ளியைத் தெய்வ கோபமென மக்கள் அஞ்சினர். அதை மறுத்து 1682இல் வெளியிட்ட நூலில், கடவுளை நம்பாதோரின் சமுதாயமும் ஒழுக்கத்துடன் வாழவியலும் என வாதிட்டார். மனிதரை நடத்துவன அவர்தம் கொள்கைகளைவிடப் பழக்கமும் விருப்பமும் மானமுமே என்றார். புரட்டஸ்தாந்தரின் வீடுகளிற் புகுந்து கொடுமை இழைத்த பிரெஞ்சுப் படையினரும் இறைவனை வணங்கியவர்களே. பெய்லின் தமையனார் 1685இல் சிறையில் மாண்டார்.

அதே ஆண்டில், ஒல்லாந்திலேயே தஞ்சம் புகுந்திருந்த ஆங்கில அறிஞர் ஜோன் லொக் சமய சகிப்புத்தன்மையை வலியுறுத்தி எழுதினார். ஆயினும், நாத்திகருக்கு அதில் இடமில்லை என்றார். வாக்குறுதியும் சத்தியமும் அவர்களைக் கட்டுப்படுத்தா என்பது அவர் கருத்து.

லொக்கின் ஐயம் நெடுங்காலம் நிலைத்தது. 1880இல் பிரித்தானிய நாடாளுமன்றத்திற்குத் தெரிவான நாத்திகர் சார்ள்ஸ் பிராட்லோ தமது ஆசனத்தை உறுதியாகப் பெற 1886 வரை போராட நேர்ந்தது. அவரது முயற்சியால் 1888இல் நிறைவேறிய சட்டம், சத்தியம் செய்ய வேண்டிய இடமெங்கும் கடவுள் பெயரின்றி உறுதிமொழி அளிக்க வழிவகுத்தது. இன்று அந்நாட்டு நீதிமன்றங்களில் இரண்டிற்கும் மதிப்பு ஒன்றே.

சமயம் பலருக்கு அறத்தின் ஊற்றாக விளங்குவதை நாம் மறுக்கவில்லை. போர்க்காலத்தில் கோயில்களும் தேவாலயங்களும் இடம்பெயர்ந்தோருக்கு அடைக்கலம் அளித்தன. ஆனால், அறம் அவற்றுக்கு மட்டுமே உரிய சொத்தன்று. தஞ்சம் கோரும் எமது வாக்குமூலத்தை, எமது மதத்தைப் பார்த்து ஓர் அதிகாரி பொய்யென ஒதுக்கினால் அதனை அநீதி என்போம். அவ்வாறாயின், எம்மிடையே வாழும் நம்பிக்கையற்றவரையும் அவர்தம் நடத்தையைக் கொண்டே நாம் மதிப்பிட வேண்டும்.

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று பிள்ளைகளை வளர்க்கின்றோம். அப்பயம் அகலும் வயதில் அவர்களிடம் எஞ்சுவது என்ன? பொய்யால் பிறர் படும் துன்பத்தை உணரக் கற்ற பிள்ளை, கோயிலுக்குச் சென்றாலும் செல்லாவிடினும் நேர்மை தவறாது. அந்த உணர்வை ஊட்டுவதே பெற்றோராகிய எமது முதற் கடமை.