அவர்கள் பெலிஸ்தர் அல்லர், பாலஸ்தீனர்

தமிழ் விவிலியத்தில் 'இஸ்ரவேல்' என்று இருக்கிறது. செய்தித்தாளில் 'இஸ்ரேல்' என்று வருகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டு நம் சபைகளில் பலர் ஜெபிக்கிறார்கள். எருசலேமின் சமாதானத்துக்காகத் தொடங்கும் ஜெபம் இஸ்ரேல் ராணுவத்தின் வெற்றிக்கான ஜெபமாக முடிகிறது. பாலஸ்தீனர் என்றதும் தாவீது, கோலியாத் கதை நினைவுக்கு வருகிறது. 'அவர்கள் பெலிஸ்தரின் சந்ததி' என்று விளக்கம் சொல்லும் பிரசங்கங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன.

பாலஸ்தீனம் என்ற பெயர் பெலிஸ்தரின் பெயரிலிருந்து வந்தது என்பது உண்மை. அதற்காக இன்றைய மக்கள் அன்றைய பெலிஸ்தர் ஆகிவிட மாட்டார்கள். அதேபோல, 1948 மே மாதம் அறிவிக்கப்பட்ட ஒரு நவீன அரசு யோசுவா காலத்துக் கோத்திரங்களாகவும் ஆகிவிடாது. இதைப் புரிந்துகொள்ள இறையியல் பட்டம் தேவையில்லை. இக்ரித் என்ற ஊரின் கதை போதும்.

லெபனான் எல்லையை ஒட்டிய வடக்கு கலிலேயாவில் இருந்த கிராமம் இக்ரித். மக்கள் அரபு மொழி பேசும் கத்தோலிக்கர்கள். 1948 இறுதியில் இஸ்ரேல் ராணுவம் ஊருக்குள் வந்தபோது அவர்கள் எதிர்த்துச் சண்டையிடவில்லை. 'இரண்டு வாரம் வெளியே இருங்கள், பிறகு திரும்பலாம்' என்றது ராணுவம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம் மாதங்களானது, வருடங்களானது. வழக்குப் போட்டார்கள். 1951 ஜூலையில் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே அவர்கள் திரும்பலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் ராணுவம் ஊரின் எல்லா வீடுகளையும் வெடிவைத்துத் தகர்த்தது. தேவாலயத்தை மட்டும் விட்டுவைத்தது.

இக்ரித் மக்கள் இஸ்ரேலின் குடிமக்கள். இன்றுவரை அவர்களும் அவர்களது பேரப்பிள்ளைகளும் அந்த ஊரில் குடியேற முடியாது. ஆனால் இறந்தால் ஊர்க் கல்லறையில் புதைக்கலாம். பிணத்துக்கு இடம் உண்டு, உயிரோடு இருப்பவருக்கு இல்லை.

இதோடு இன்னொரு சட்டத்தையும் வைத்துப் பாருங்கள். 1950இல் இஸ்ரேல் இயற்றிய திரும்பும் உரிமைச் சட்டப்படி, உலகின் எந்த மூலையில் இருக்கும் யூதரும் அங்கே வந்து குடியேறலாம். அந்த மண்ணை அவர் பார்த்தேகூட இருக்க வேண்டியதில்லை. இக்ரித்தில் பிறந்த கிறித்தவர், சில கிலோமீட்டர் தள்ளி வசித்தாலும், தன் சொந்த ஊருக்குத் திரும்ப முடியாது. யார் எந்த வம்சத்தில் பிறந்தார் என்பதே மண்ணின் மீதான உரிமையை முடிவு செய்கிறது.

பிறப்பை வைத்து மண்ணையும் மதிப்பையும் பங்கிடும் ஏற்பாடு சாதியை அறிந்த நமக்குப் புதிதல்ல. அந்த ஏற்பாட்டுக்கு வேதத்தைச் சாட்சியாகக் கூப்பிடுவதும் புதிதல்ல. இரண்டு ஊர்களின் வரலாறும் வேறு, இரண்டு ஒடுக்குமுறைகளும் இயங்கும் விதமும் வேறு. ஆனால் 'கடவுளே இப்படிப் பிரித்து வைத்தார்' என்ற வாதம் எங்கே ஒலித்தாலும் அதை அடையாளம் காணும் காது நமக்கு இருக்க வேண்டும். மனுவின் பெயரால் சொன்னால் எதிர்ப்போம், மோசேயின் பெயரால் சொன்னால் 'ஆமென்' என்போம் என்றால், நாம் எதிர்ப்பது சாதியை அல்ல, அதன் ஒரு பதிப்பை மட்டுமே.

இந்த 'ஆமென்' நம் முன்னோரிடமிருந்து வந்ததும் அல்ல. யூதர்களைப் பாலஸ்தீனத்தில் குடியமர்த்துவதைக் கடைசிக் கால அட்டவணையின் ஒரு படியாக வைக்கும் போதனையை 19ஆம் நூற்றாண்டில் முறைப்படுத்திப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜான் நெல்சன் டார்பி. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கவுரை விவிலியம் அதை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோனது. 1917இல் பிரிட்டனின் பால்ஃபர் பிரகடனம் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைக்க ஆதரவு தந்தபோது, அங்கே பெரும்பான்மையாக வாழ்ந்த அரபு மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. பேரரசின் அரசியலுக்கு வசதியாக இருந்த ஒரு வாசிப்பைத்தான் நாம் இன்று விசுவாசம் என்று சுமக்கிறோம்.

இதற்கு மாற்றான வாசிப்பும் அதே விவிலியத்தில் இருக்கிறது. ஆபிரகாம் எங்கள் தகப்பன் என்று பெருமை பேசியவர்களிடம், இந்தக் கற்களிலிருந்தும் ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை உண்டாக்கக் கடவுளால் முடியும் என்ற பொருளில் யோவான் ஸ்நானகன் பேசினார். அவரும் யூதர், தன் மக்களோடு பேசினார். நாம் அதை யூதரை இகழ எடுத்துக்கொள்ளக் கூடாது, நம் வம்சப் பெருமைகளை உடைக்க எடுத்துக்கொள்ள வேண்டும். நாபோத்தின் திராட்சைத் தோட்டமும் அங்கேதான் இருக்கிறது. ஏழையின் பூர்வீக நிலத்தைப் பறிக்க அரசன் ஆகாப் கொலை செய்யத் துணிந்தபோது, எலியா நின்றது இஸ்ரவேலின் அரசன் பக்கம் அல்ல.

இங்கே இன்னொரு தவறையும் செய்துவிடக் கூடாது. பாலஸ்தீன ஆதரவு யூத வெறுப்பாக மாறக் கூடாது. யூதர்களைப் பல நூற்றாண்டுகள் துரத்தியது கிறித்தவ ஐரோப்பா. யூதர்களின் வழிபாட்டிடங்களைக் கொளுத்தச் சொல்லி மார்ட்டின் லூதர் 1543இல் எழுதினார். நாஜிக்கள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். அந்தப் பாவத்துக்குக் கிறித்தவர்கள் மனம் வருந்த வேண்டும். ஆனால் அதற்கான அபராதத்தைப் பாலஸ்தீனரின் நிலத்திலிருந்து கட்ட நமக்கு உரிமை இல்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், சுமார் 250 பேர் பணயக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அதை நியாயப்படுத்த முடியாது. அதைக் காரணம் காட்டி, பல்லாயிரம் குழந்தைகள் உட்பட 60,000க்கும் மேற்பட்ட பாலஸ்தீனரைக் கொன்றதையும் நியாயப்படுத்த முடியாது. 2025 செப்டம்பரில் ஐ.நா. விசாரணை ஆணையம் இதை இனப்படுகொலை என்றே முடிவு செய்தது.

கொல்லப்பட்டவர்களில் கிறித்தவர்களும் உண்டு. காசாவின் பழமையான புனித போர்ஃபிரியஸ் தேவாலய வளாகத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் 2023 அக்டோபரில் குண்டுவீச்சில் இறந்தார்கள். 2025 ஜூலையில் திருக்குடும்பத் தேவாலயம் தாக்கப்பட்டு மூன்று பேர் இறந்தார்கள். கிறித்தவர் இறந்தால்தான் பேச வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் பிறப்புக் கணக்குதான். நம் ஜெபத்தில் இவர்கள்கூட இடம்பெறவில்லை என்றால் நாம் யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பதற்காகவே சொல்கிறேன்.

பாலஸ்தீனக் கிறித்தவர்கள் நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்பதில் குழப்பமே இல்லை. 2009 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட 'கைரோஸ் பாலஸ்தீனம்' ஆவணம், ஆக்கிரமிப்பு கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான பாவம் என்றது. எதிரியிலும் கடவுளின் சாயலைக் காணும் அன்போடு எதிர்க்கச் சொன்னது. புறக்கணிப்பு இயக்கத்துக்கு ஆதரவு கேட்டது. உலகத் திருச்சபைகளை நேரில் வந்து நிலைமையைப் பார்க்கச் சொன்னது.

எனவே நம் பதில் சபைக்குள்ளிருந்தே தொடங்க வேண்டும். போதகர் பெலிஸ்தர் கதை சொன்னால், ஆராதனை முடிந்து அவரிடம் மரியாதையாக இக்ரித் கதையைச் சொல்லுங்கள். வாலிபர் கூட்டத்தில் கைரோஸ் ஆவணத்தை வாசியுங்கள். ஜெருசலேம் பயணத்துக்குத் தமிழ்நாடு அரசு மானியம் தருகிறது. போகிறவர்கள் பெத்லகேமில் 8 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் சுவரைக் கடந்துதான் வருகிறார்கள். கல்லையும் குகையையும் முத்தமிட்டுத் திரும்பும் முன், அந்தச் சுவருக்குள் இருக்கும் சபையோடு ஒரு ஞாயிறு உட்கார வேண்டும் என்று பயண ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். ஐதராபாத்தில் அதானி குழுமமும் இஸ்ரேலின் எல்பிட் நிறுவனமும் கூட்டாக நடத்தும் ஆலையில் ஹெர்மஸ் 900 ட்ரோன்கள் தயாராகின்றன. இதை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேள்வியாக வையுங்கள்.

பெத்லகேம் சுவரைக் கண்டிக்கும்போதே நம் சுவர்களையும் எண்ண வேண்டும். திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் கிறித்தவர்களின் புதைகுழிகளைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டது. சாவிலும் சாதி பார்க்கும் சபைக்குப் பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேசத் தகுதி இல்லை என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டு சுவரையும் ஒரே மூச்சில் எதிர்க்கிற இளைஞர்களே இன்று நம் சபைகளுக்குத் தேவை. இங்கே அதை இடிக்கக் கை வைக்காதவரின் ஜெபம் அங்கே போய்ச் சேராது.