வசந்த கால வேட்டையும் நம் கையிலுள்ள அமானிதமும்

சென்ற ஏப்ரலில் எங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த இளைஞர் சிலர் காட்டு வான்கோழி வேட்டைக்குச் சென்று இரண்டு சேவல்களுடன் திரும்பினர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் குடியேறி வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் நாங்கள். உரிமம் பெற்று, விதிகளைப் பேணி, பிஸ்மி சொல்லியே சுட்டதாக அவர்கள் கூறினர். ஆயினும் பறவைகள் கையில் கிடைத்தபோது உயிர் போயிருந்தது; கழுத்தில் கத்தி படவில்லை. உண்ணலாமா, கூடாதா என்று வாதம் எழுந்தது. இரண்டு நாள் பேசினோம். முடிவில் யாரும் உண்ணவில்லை. இறைச்சி குப்பைக்குப் போயிற்று. அந்த இரண்டு உயிர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வோம் என்ற உறுத்தலே இதை எழுதத் தூண்டியது.

வேட்டை மார்க்கத்தில் ஆகுமானது என்பதில் ஐயமில்லை. வான்கோழி வேட்டைநகம் கொண்ட பறவையன்று. விதையும் பூச்சியும் தின்பது. சிக்கல் துப்பாக்கியில் இருக்கிறது. இறகில்லாத அம்பைப் பற்றி அதீ இப்னு ஹாதிம் (ரலி) கேட்டபோது, கூர்முனை துளைத்துக் கொன்றதை உண்ணலாம், அகலப்பக்கம் அடித்துக் கொன்றதை உண்ணலாகாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். துப்பாக்கி ரவை துளைக்கிறதா, மோதி நசுக்குகிறதா என்பதில்தான் பிற்கால அறிஞர்கள் பிரிந்து நிற்கின்றனர். உயிர் இருக்கும்போதே எடுத்து முறைப்படி அறுத்தால் அதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. இதைத் தெரிந்துகொண்டு அல்லவா காட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும்? கேள்வியைச் சுட்ட பிறகு கேட்டதே எங்கள் பிழை. இளைஞர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. பெரியவர்களாகிய நாங்களும் முன்பே சொல்லித்தரவில்லை.

ஆனால் ஹலால் என்று தீர்ந்துவிட்டால் கதை முடிந்துவிடுமா? இப்பறவையின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் காட்டு வான்கோழி அடியோடு அழிந்துபோயிருந்தது. கட்டுப்பாடற்ற வேட்டையும் காடழிப்பும் காரணங்கள். அதை மீட்டவர்களில் வேட்டைக்காரர்களே முன்னின்றனர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 1937ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கி, தோட்டாக்கள் மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. எஞ்சியிருந்த பறவைகளைப் பெரிய வலைகளை வெடிவிசையால் வீசிப் பிடித்து, புதிய காடுகளில் கொண்டுபோய் விட்டனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணிக்கை 70 இலட்சத்தை நெருங்கிற்று. அதன்பின் தென்மாநிலங்கள் பலவற்றில் மீண்டும் சரிவு. டென்னசியில் ஒருவர் ஒரு வசந்த காலத்தில் 4 பறவைகள் வரை சுடலாம் என்றிருந்த நிலை படிப்படியாகக் குறைந்து, 2023இல் 2 ஆயிற்று. ஏப்ரல் தொடக்கத்தில் திறந்த வேட்டைக்காலமும் ஏப்ரல் நடுப்பகுதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. (அவ்வாண்டு தொடக்க நாள் ரமளானின் கடைசிப் பத்தில் விழுந்தது. இஃதிகாஃபை விட்டுவிட்டு எவரும் காட்டுக்குப் போகவில்லை என்பது எங்களுக்கு ஓர் ஆறுதல்.)

வசந்தம் இப்பறவையின் இனப்பெருக்கக் காலம். வைகறையில், நாம் ஃபஜ்ரு தொழும் அதே வேளையில், சேவல் தான் அடைந்த மரத்திலிருந்தே கூவத் தொடங்கும். வேட்டைக்காரர் மரத்தடியில் அசையாமல் அமர்ந்து பேட்டின் குரலைப் போல் ஒலி எழுப்புவார். துணையென்று நம்பி வரும் சேவல் சுடப்படும். மார்பில் தாடி போன்ற மயிர்க்கற்றை உள்ள பறவையை மட்டுமே சுடலாம் என்பது இங்குள்ள விதி. சில பேடுகளுக்கும் அத்தாடி உண்டு என்பது தனிக் கதை. பேடு தரையில் கூடமைத்து 10, 12 முட்டைகள் இட்டு, ஏறத்தாழ 28 நாட்கள் அடைகாக்கும். ரக்கூன் முதலியவை முட்டைகளைத் தின்பதாலும், மழைக்குளிரில் குஞ்சுகள் நனைந்து மடிவதாலும், பெரும்பாலான கூடுகளிலிருந்து ஒரு குஞ்சுகூட வளர்வதில்லை. வாழிடம் சுருங்குவது இவை எல்லாவற்றையும் கடுமையாக்குகிறது.

இணைசேரும் முன்பே வலிய சேவல்களைச் சுடுவது சரிவுக்கு எவ்வளவு காரணம் என்பதில் ஆய்வாளர்கள் உடன்படவில்லை. வேட்டையைத் தள்ளிவைத்ததால் மட்டும் குஞ்சுகள் பெருகிவிடா என்போரும் உளர். ஆகவே, வேட்டையே குற்றவாளி என்று தீர்ப்பெழுத நாங்கள் முன்வரவில்லை. ஐயம் உள்ள இடத்தில் முஸ்லிம் எப்பக்கம் நிற்கவேண்டும் என்பதே எங்கள் கேள்வி.

ஆகுமானதைக் காலத்தாலும் இடத்தாலும் நிறுத்திவைப்பது நமக்குப் புதிதன்று. இஹ்ராம் அணிந்தவருக்குத் தரைவாழ் உயிர்களின் வேட்டை விலக்கப்பட்டது. நேற்று வரை ஹலாலாக இருந்த அதே மான், அதே பறவை. மக்காவின் புனித எல்லைக்குள் எவரும் எக்காலத்திலும் வேட்டையாடலாகாது. மதீனாவுக்கும் நபி (ஸல்) அவர்கள் அத்தகைய எல்லை வகுத்தார்கள். ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்ததைக் கண்டு, அவற்றைத் திருப்பித் தருமாறு பணித்த நிகழ்ச்சி அபூதாவூதில் உள்ளது. அங்கே பறவையின் இறைச்சி ஹலாலா என்ற பேச்சே எழவில்லை.

“அரசு அனுமதித்த பின் உங்களுக்கு என்ன?” என்று ஒரு சகோதரர் கேட்டார். அனுமதி கட்டளையன்று என்பதே எங்கள் விடை. தலாக்கும் அனுமதிக்கப்பட்டதுதான், அனுமதி இருக்கிறது என்பதற்காக யாரும் அதைத் தேடிப் போவதில்லை. மேலும், நம்மில் எவர் வீட்டிலும் இறைச்சிக்குப் பஞ்சமில்லை. ஹலால் கோழி 20 நிமிடத் தொலைவில் கிடைக்கிறது. காட்டுக்குப் போகிறவர் பசிக்காகப் போகவில்லை. விடியலையும் அமைதியையும் தேடிப் போகிறார். அதில் தவறில்லை. அவ்விரண்டும் துப்பாக்கியின்றியும் கிடைக்கும் என்பது எங்கள் சொந்தக் கருத்து, ஏற்காதவர் பலர்.

இவ்வாண்டுக்கு எங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். வேட்டைக்காலம் திறந்ததும் யாரும் ஓடுவதில்லை. போக விரும்புவோர் மே மாதத்தில் போவர். ஆளுக்கு ஒன்று போதும். தாடி இருந்தாலும் பேட்டைத் தொடுவதில்லை. கூரிய கத்தியுடன் விரைந்து சென்று, உயிர் இருக்கும்போதே அறுக்கப் பழகியவர் ஒருவர் உடன் செல்வார். சுட்டபின் பறவை ஓடி மறைந்தால், அதைத் தேடிக் கண்டெடுக்கும்வரை அடுத்ததற்குக் குறிவைப்பதில்லை. இரண்டு இளைஞர்கள் இதற்கு இன்னும் இணங்கவில்லை. அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.