கொல்லிமலை பஸ்ஸுக்கு இருக்கிற புத்தி குட்டி ஜெட்டுக்கு இல்லையே!

காரவள்ளி அடிவாரத்திலிருந்து வாழவந்தி நாட்டுக்கு ஏறுகிற பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? 70 கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவிலேயே பாதி பேருக்கு எலுமிச்சம்பழம் தேவைப்படும். பயணிகள் கவனிக்காத விஷயம் ஒன்று டிரைவர் முன்னால் இருக்கிறது: காற்றழுத்த மீட்டர். முள் ஏறாமல் வண்டி கிளம்பாது. கிளப்ப நினைத்தாலும் முடியாது. ஏர் பிரேக் பஸ்ஸின் பின் சக்கரத்தில் ஒரு முரட்டு ஸ்பிரிங் இருக்கிறது. அதை அமுக்கி வைத்திருப்பதே காற்றுதான். காற்று போனால் ஸ்பிரிங் விரியும், பிரேக் பிடிக்கும். டியூப் அறுந்தால் வண்டி நிற்கும், உருளாது. (இறக்கத்தில் லைனிங் சூடேறிக் கருகுவது தனிக்கதை, அது இன்னொரு பதிவு.)

இப்போது ரேடியோ கண்ட்ரோல் ஜெட்டுக்கு வருவோம். நிஜ டர்பைன் வைத்துப் பறக்கும் மாடல்கள், லட்சக்கணக்கில் விலை. பறக்கும்போது சக்கரம் உள்ளே மடங்கும், இறங்கும்போது வெளியே வரும். பல மாடல்களில் இந்த வேலையைச் செய்வது காற்று. உள்ளே ஒரு குட்டி டேங்க். பம்ப் வைத்து 100, 110 பிஎஸ்ஐ அடித்துக்கொள்வார்கள். அங்கிருந்து ஒரு வால்வு. வால்விலிருந்து காலை ஏற்ற ஒரு டியூப், இறக்க ஒரு டியூப். காலுக்கு ஒரு சிலிண்டர். கால் முழுசாக நகர்ந்தால்தான் பின் பள்ளத்தில் விழுந்து பூட்டும்.

ஏற்றவும் காற்று, இறக்கவும் காற்று. சரி, வானத்தில் காற்று கசிந்து தீர்ந்துவிட்டால்? ஒரு கால் பூட்டும், ஒரு கால் தொங்கும், மூக்குக் கால் உள்ளேயே தூங்கும். லட்ச ரூபாய் வயிற்றால் தேய்த்துக்கொண்டு இறங்கும்.

இது ஏதோ தீர்க்க முடியாத அறிவியல் புதிர் இல்லை. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் ரயிலுக்கு ஏர் பிரேக் கொண்டுவந்தபோது இதே தப்பு அதில் இருந்தது. காற்று வந்தால்தான் பிரேக், குழாய் அறுந்தால் பிரேக் இல்லை. மூன்றே வருடத்தில், 1872-ல், அதைத் தலைகீழாக்கினார்: அழுத்தம் இறங்கினால் பிரேக் பிடிக்கும். பெரிய விமானத்துக்கும் அதே புத்தி. 2024 அக்டோபர் 11 அன்று பக்கத்துத் திருச்சியிலிருந்து 141 பேரோடு சார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்துவிட்டுப் பத்திரமாக இறங்கியதே, நினைவிருக்கிறதா? அந்த வகை விமானத்தில் ஹைட்ராலிக் மொத்தமாகக் கைவிட்டாலும் சக்கரத்தை இறக்க, காக்பிட்டில் கையால் இழுக்கும் பிடிகள் உண்டு. இழுத்தால் மேல்பூட்டு விடும், கால் தன் எடையிலேயே விழும். குட்டி ஜெட்காரர்கள் பலர் மட்டும் இன்னும் 1869-லேயே இருக்கிறார்கள்.

காற்று ஏற்றும், ஸ்பிரிங் இறக்கும் என்ற வகை மாடலுக்கும் உண்டு. "பெரிய காலுக்கு ஸ்பிரிங் பத்தாது, எதிர்க்காற்றில் தள்ளாது" என்பார்கள். நியாயம்தான். பின்னோக்கி மடங்கும் மூக்குக் கால் இறங்கும்போது எதிர்க்காற்றை முட்டிக்கொண்டுதான் முன்னால் வரவேண்டும். அப்படியென்றால் இறக்குவதற்கென்றே தனியாக ஒரு சின்ன டேங்க் வையுங்கள். அல்லது அழுத்தத்தைத் தரையில் இருப்பவருக்குச் சொல்லும் டெலிமெட்ரி சென்சாராவது வையுங்கள். ஒன்றும் வைக்காமல் "இன்னிக்கு ஏர் சதி பண்ணிடுச்சு" என்று புலம்பினால் என்ன அர்த்தம்?

அதைவிடக் கொடுமை, கசிவைத் தேடும் லட்சணம். முதல் மருத்துவம், இன்னும் நாலு பம்ப் அடித்துவிட்டு உடனே பறப்பது. இரண்டாவது, "புஸ்" சத்தம் வால்வில் கேட்கிறதா, புது வால்வு வாங்கு! அங்கேதான் ஏமாறுகிறார்கள். சிலிண்டர் உள்ளே பிஸ்டன் ஓ-ரிங் தேய்ந்தால் காற்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நழுவி, எதிர் டியூப் வழியாகத் திரும்பி, வால்வின் வெளியேற்று ஓட்டையில்தான் வெளியே வரும். குற்றவாளி சிலிண்டரில், அடி வாங்குவது வால்வு.

கண்டுபிடிப்பது கஷ்டமா? காலை ஏற்றி வைத்து மீட்டரைப் பாருங்கள், இறக்கி வைத்தும் பாருங்கள். ஏற்றினால் மட்டும் முள் இறங்கினால் ஏற்றும் பக்கத்து டியூப், இணைப்பு. இறக்கினால் மட்டும் என்றால் மற்றப் பக்கம். இரண்டிலும் என்றால் டேங்க், காற்றடிக்கும் வாய், வால்வு, அல்லது அந்த ஓ-ரிங். காலை ஏற்றி வைத்தபடியே ஒவ்வொரு சிலிண்டரிலும் இறக்கும் டியூபை மட்டும் கழற்றி, அந்த வாயில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வருகிற சிலிண்டர்தான் திருடன். ஓ-ரிங் மாற்றி, தயாரிப்பாளர் சொன்ன எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் முடிந்தது. டியூபைக் கத்திரியால் சாய்வாக வெட்டிச் செருகுவதையும் நிறுத்துங்கள். பிளேடால் நேராக வெட்டுங்கள்.

கசிவே இல்லாமலும் முள் இறங்கும். அடிவாரத்து வெயிலில் 110 அடித்துவிட்டு, பத்து டிகிரி குளிரான மலை உச்சிக்குக் கொண்டு போனால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைவாகத்தான் காட்டும். அது குளிர்ந்த காற்று சுருங்குவது. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் கொஞ்சம் ஈடாகும், முழுசாக ஆகாது. மஞ்சு மூடிய காலையில் அடித்த காற்றில் ஈரமும் சேரும். அழுத்தும்போது அது தண்ணீராகி டேங்கில் தங்கும், வால்வுக்குப் போகும். வடித்துவிட வேண்டும்.

"இதுக்குத்தான் எலக்ட்ரிக் மாட்டச் சொன்னோம்" என்று ஒரு கோஷ்டி வரும். நல்லது, கசிவு இல்லை. பேட்டரி படுத்தால்? நடுவழியில் கதவு இடித்து மோட்டார் நின்றால்? ஸ்க்ரூ நின்ற இடத்திலேயே நிற்கும், எடையால் விழாது. பொருள் மாறியது, கேள்வி மாறவில்லை.

காற்றை விடமாட்டோம் என்பவர்கள் ஒரு வேலை செய்யலாம். விமானத்தைக் கவிழ்த்துப் போடுங்கள். அப்போது கால் தன் எடையை எதிர்த்து எழும்பித்தான் பூட்டவேண்டும். பத்து பத்தாக அழுத்தத்தைக் குறைத்து, எந்த எண்ணில் பூட்டத் தவறுகிறது என்று பாருங்கள். எதிர்க்காற்றுக்கு அதற்கு மேல் தாராளமாக ஒதுக்குங்கள். பிறகு முழுசாக அடித்து, ஒரு தரம் ஏற்றி, பறக்கிற நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நேரம் விட்டு மீட்டரைப் பாருங்கள். முள் அந்த எண்ணை நெருங்கினால் அன்றைக்குப் பறக்க வேண்டாம். எண்ணை மாஸ்கிங் டேப்பில் எழுதி டேங்க் மேலேயே ஒட்டிவிடலாம்.

புது வால்வுக்கு ஆர்டர் போட்டவர்கள் கேன்சல் பண்ண முடிகிறதா என்று பாருங்கள் :-)