பழைய வீடும் புதிய மின்சாரமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

வீடு கட்டுகிறவர் வாசல் எந்தத் திசை என்று பார்க்கிறார். வாடகைக்கு வருகிறவர் தண்ணீர் வசதி உண்டா என்று கேட்கிறார். பெண் கொடுக்கிறவர் சொந்த வீடா என்று விசாரிக்கிறார். ஆனால், "இந்த வீட்டின் வயரிங்குக்கு என்ன வயது?" என்று கேட்ட ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை. நம் நாட்டில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் கூறுகின்றன. அதைப் படித்த பின்பாவது இந்தக் கேள்வியை நாம் கேட்க வேண்டாமா?

தமிழகத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும், மேட்டூர் நீர்மின் நிலையம் 1937-இலும் இயங்கத் தொடங்கின. 1957-இல் மின்சார வாரியம் அமைந்த பிறகு சிற்றூர்களுக்கும் கம்பிகள் வந்தன. அன்று வயரிங் செய்த வீடுகளில் அறைக்கு ஒரு விளக்கு, கூடத்தில் ஒரு விசிறி, வானொலிக்கு ஒரு பிளக். நாற்பது வாட் விளக்குகள் நான்கும் ஒரு விசிறியும் வானொலியும் சேர்ந்தால் ஏறக்குறைய 250 வாட். அதாவது, 230 வோல்ட் மின்னழுத்தத்தில் சுமார் ஓர் ஆம்பியர். அந்த ஓர் ஆம்பியருக்காகத்தான் மரச்சட்டத்தின்மேல் கிளிப் அடித்து, மெல்லிய கம்பியை ஓட்டினார்கள்.

பின்பு காலம் மாறியது. 2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011-இல் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுக்கத் தொடங்கியது. 2016-இல் இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரமும் இலவசமாயிற்று. இவற்றைக் குறை கூற நான் வரவில்லை. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் தேய்ந்த கைகளுக்கு இவை தந்த விடுதலையை எங்கள் வீட்டிலேயே நான் பார்த்திருக்கிறேன். ஆனால், கருவிகள் வந்த வேகத்தில் கம்பிகள் மாறவில்லை. குளிர்பதனப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் மோட்டார், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகிய அத்தனையும் பாட்டன் காலத்துக் கம்பியின் தலையிலேயே ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

இதன் விளைவைக் கணக்கிட நாம் ஆய்வுக்கூடம் செல்ல வேண்டியதில்லை. ஒரு கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது 1841-இல் ஜூல் வெளியிட்ட விதி. ஓர் ஆம்பியர் ஓடிய கம்பியில் எட்டு ஆம்பியர் ஓடினால் வெப்பம் எட்டு மடங்கன்று. அறுபத்து நான்கு மடங்கு! அந்த வெப்பத்தில் பழைய ரப்பர் உறை காய்ந்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வருகிறது. கம்பி அலுமினியமாக இருந்தால், இணைப்புகளில் ஆக்சைடு படிந்து, திருகாணி தளர்ந்து, அந்த இடம் இன்னும் சூடாகிறது. சுவிட்சுப் பெட்டியின் ஓரம் பழுப்பேறியிருப்பதும், இஸ்திரி போடும்போது விளக்கு மங்குவதும் வீடு நமக்கு எழுதும் எச்சரிக்கைக் கடிதங்கள். நாமோ அவற்றைப் பிரித்துப் படிப்பதில்லை.

உருகி யாரைக் காக்கிறது?

"எங்கள் வீட்டில் ப்யூஸ் இருக்கிறதே!" என்பார் ஒருவர். "நாங்கள் எம்.சி.பி.யே போட்டுவிட்டோம்" என்பார் மற்றொருவர். இரண்டும் தேவையே. ஆனால் அவை காப்பது கம்பியை, மனிதனை அல்ல. இந்த உண்மை படித்தவர்களுக்கே பலருக்குத் தெரிவதில்லை.

ஈரமான உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டைத் தொட்டால் உடலில் பாய்வது 0.23 ஆம்பியர். ஏறத்தாழ 0.1 ஆம்பியர் சில வினாடிகள் மார்பு வழியே சென்றாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகக்கூடும். ஆனால் ஐந்து ஆம்பியர் உருகிக்கு 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. ஆள் துடித்துக்கொண்டிருப்பார், உருகி உருகாமல் இருக்கும். இந்த அழகில், அடிக்கடி போகிறதே என்று ப்யூஸ் கட்டையில் நாலைந்து இழை செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டுகிறார்களே, அவர்கள் கம்பிக்கிருந்த காவலையும் நீக்கிவிடுகிறார்கள்.

அடுத்தது எர்த் என்னும் நில இணைப்பு. எங்கள் தெருவில் பல வீடுகளில் கிரைண்டரைப் போடுமுன் பெண்கள் செருப்பு மாட்டிக்கொள்வார்கள். சிலர் மணைப் பலகைமேல் நின்றுகொள்வார்கள். கேட்டால், "ஒன்றுமில்லை, லேசாகப் பிடிக்கும்" என்பார்கள். லேசாகப் பிடிப்பது என்றால் என்ன? கருவியின் உலோக உடலுக்கு மின்சாரம் கசிந்து வந்திருக்கிறது, அது நிலத்துக்குப் போக வழியில்லாமல் ஓர் ஆளுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். இன்று செருப்பு காப்பாற்றியது. நாளை தரை ஈரமாயிருந்தால்?

பழைய வீடுகள் பலவற்றில் எர்த் கம்பியே கிடையாது. சிலவற்றில் இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார்கள். பிறகு குழாய் துருப்பிடித்ததென்று பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். அன்றோடு எர்த்தும் போயிற்று, அதை யாரும் கவனிக்கவில்லை. எஞ்சிய வீடுகளில் மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை உடைத்தோ, இரண்டு துளைச் சாக்கெட்டில் செருகியோ வேலையை முடித்துக்கொள்கிறார்கள்.

கரியும் உப்பும் இட்டுக் குழி தோண்டிப் புதைத்த எர்த் இருந்தாலும் அது மட்டும் போதாது. கோடையில் நிலம் காய்ந்து அதன் தடை 50 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கசிவு மின்னோட்டம் 4.6 ஆம்பியர்தான். ஐந்து ஆம்பியர் உருகி அப்போதும் அசையாது.

இங்கேதான் ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் தடுப்பான் தேவைப்படுகிறது. போகும் கம்பியிலும் திரும்பும் கம்பியிலும் ஓடும் மின்னோட்டங்களை அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் சமமாயின் நலம். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால், எங்கோ கசிகிறது என்று அறிந்து இணைப்பைத் துண்டித்துவிடும். உடலில் 0.23 ஆம்பியர் பாயும் நிலையில் 0.04 வினாடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது அதற்குரிய தரவரையறை. ஆனால் ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் சேர்த்துப் பிடித்தவரை அது காக்காது, மிகைச்சுமையையும் தடுக்காது. ஆகவே எம்.சி.பி., எர்த், மின்கசிவுத் தடுப்பான் மூன்றும் சேர்ந்ததே காவல். தடுப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும் அவசியம்.

தடைகள் யாவை?

முதல் தடை பணம் என்பார்கள். வீட்டுக்கான மின்கசிவுத் தடுப்பான் இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. முப்பதாயிரம் ரூபாய்க்குக் குளிர்சாதனம் வாங்குகிறவர் இதற்குத் தயங்குவது, யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பதைப் போன்றது. ஆனால் அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு இரண்டாயிரம் பெரிய தொகை என்பதை மறுக்க மாட்டேன். 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் எல்.இ.டி. பல்புகளைக் கொடுத்து, சில மாநிலங்களில் விலையைத் தவணையாக மின்கட்டணத்தோடு வசூலித்தார்கள். பல்புக்குச் செய்ததை உயிர்க் காவலுக்குச் செய்யலாகாதா?

இரண்டாவது தடை, "வீடு என்னுடையதல்லவே" என்னும் எண்ணம். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, மின் வயரிங்கைப் பராமரிப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் பழுதுகளே குடியிருப்பவருடையவை. இதை அறிந்து கேட்பவர் எத்தனை பேர்?

மூன்றாவது தடை அரைகுறை வேலை. பழைய வீட்டில் நியூட்ரல் கம்பிகள் ஒன்றோடொன்று கலந்திருக்கும். தடுப்பானைப் பொருத்தியதும் அது அடிக்கடி விழும். உடனே சிலர் அதைத் தாண்டி நேரடிக் கம்பி போட்டுவிடுகிறார்கள். இது, நாய் குரைக்கிறதென்று நாயை அடித்துத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்துவைத்துத் தூங்குவதற்கு ஒப்பாகும். உரிமம் பெற்ற மின்கம்பியாளரைக் கொண்டு கோளாறைத் தேடிச் சரிசெய்வதே முறை.

நாம் செய்யக்கூடியது

புதிய இணைப்பின்போது ஒருமுறை சோதனை அறிக்கை கேட்கிறார்கள். அதன்பின் வருகிறவர் மீட்டரை மட்டுமே பார்த்துப் போகிறார். இருபத்தைந்து ஆண்டு கடந்த வீடுகளில், பெயர் மாற்றத்தின்போதேனும் மறுசோதனை கட்டாயமாக வேண்டும் என்பது என் கருத்து.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நாம் சாலை செப்பனிடுகிறோம்; மரக்கன்று நடுகிறோம். அடுத்த முகாமில், உரிமம் பெற்ற மின்கம்பியாளர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்வோம். நாம் எதையும் கழற்ற வேண்டாம், தொடவும் வேண்டாம். எர்த் உண்டா, தடுப்பான் உண்டா, சுவிட்ச் பெட்டி பழுப்பேறியுள்ளதா, துணி காயப்போடும் கம்பிக் கொடியை மின்வயர் வரும் இரும்புக் குழாயில் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்து எழுதுவோம். அந்தக் கொடியை அவிழ்த்து நைலான் கயிறு கட்ட ஐம்பது ரூபாய்கூட ஆகாது. நம் துறைப் பேராசிரியர்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுமென்று பணிவுடன் வேண்டுகிறேன்.

இக்கல்லூரியில் நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பட்டம் பெற்று வேலைக்குப் போவோம், புது வீடு கட்டுவோம் என்று நம் பெற்றோர் நம்பியிருக்கிறார்கள். அது நடக்கும்போது நடக்கட்டும். ஆனால் நம் வீட்டில் ஓம் விதியைப் படித்த முதல் ஆள் நாம்தான். அவ்விதி தேர்வுத் தாளில் இரண்டு மதிப்பெண்ணோடு முடிந்துபோனால் நம் படிப்பால் வீட்டுக்கு என்ன பயன்? இந்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் அவரவர் வீட்டு மெயின் பெட்டியின்முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு மாவாட்டுகிறாரா என்றும் பாருங்கள். அங்கே தொடங்கட்டும் நம் இயற்பியல்.