பாவைக்குப் பெயர் எம்மொழியில்?

1980களில் சப்பானின் தக்காரா நிறுவனம் ஆறு தொடர்வண்டிப் பாவைகளை உருவாக்கிற்று. ஒவ்வொன்றையும் மடக்கித் திருப்பினால் பொறிமாந்தன். ஆறும் இணைந்தால் ஒரே பெருமாந்தன். அந்நாட்டில் மெய்யாக ஓடிய வண்டிகளே அவற்றுக்கு மாதிரி. 1987இன் தொலைக்காட்சித் தொடரிலும் அவை வந்தன. பெயர்களோ அவர்தம் மொழியிலேயே! 'யுகிகாசே' எனில் பனிக்காற்று. இணைந்த பேருருவம் 'இரைதென்', இடிமின்னல்.

இங்கோ? 1856இலேயே இராயபுரத்திலிருந்து வாலாசாச் சாலைக்குத் தொடர்வண்டி ஓடிய மண் இது. ஆம்பூர், வாணியம்பாடிக் கைகள் அயல்நாட்டார் கால்களுக்குத் தோற்காலணி தைக்கின்றன. அக்கைகள் வளர்க்கும் குழந்தைகளுக்கு வாய்ப்பதோ ஆங்கிலப் பெயர் பூண்ட பாவை! தோலை வெட்டி, மடித்து, இணைத்துக் காலணியாக்கத் தெரிந்தவர்க்கு ஞெகிழியைப் பாவையாக்குதல் அரிதோ? சென்னைக்கும் சோலையார்பேட்டைக்கும் இடையே ஓடும் விரைவுவண்டிக்கே 'ஏலகிரி' என்று பெயர். அதனைச் சிறுவண்டியாக்கிப் பொறிமாந்தனாய் எழுப்பி, அப்பெயரையே சூட்ட இங்குள்ள தொழில்முதல்வரை எவர் தடுத்தார்?