மகமையில் மலைக்கும் ஒரு பங்கு

வியாபாரம் மந்தமானால் நாம் போட்டியைக் குறை சொல்கிறோம்; வரியைக் குறை சொல்கிறோம். மலையை நினைப்பதில்லை. ஆனால் நம் கீரனூர்க் கடைகளின் கல்லா நிறைவது, விவசாயி கையில் காசு புரளும்போதுதான். அவர் கிணறு ஊறாத ஆண்டில் நம் கடன் நோட்டுதான் தடிக்கிறது.

பாலாறு - பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகளுக்குத் தண்ணீர் தருவது பழனி மலைத்தொடர். உச்சியிலுள்ள சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக ஓடையில் விடுகின்றன. கடந்த நூற்றாண்டில் சீகையும் தைலமரமும் பைனும் நடப்பட்டுப் புல்வெளி சுருங்கிப் போனது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு நம் கடைச் சரக்கு. அதே ஆண்டு அக்குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய விருப்பாட்சி வாழையும் மலை விளைச்சலே. ஆக, மலைதான் நம் பெரிய கிடங்கு.

அந்தக் கிடங்குக்குக் காவல் நிற்க 1985-இல் கொடைக்கானலில் தோன்றியது பழனி மலைப் பாதுகாப்புக் குழு. நாற்றுப் பண்ணை வைத்தது. மாணவர்களுக்குச் சூழல் பாடம் சொன்னது. அனுமதியை மீறி மாடி எழுப்பிய ஒரு விடுதியை எதிர்த்து நடத்திய வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை நின்றது.

"அது வனத்துறை வேலை, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். 2013 முதல் அங்கே வனவிலங்கு சரணாலயம் இருப்பது உண்மையே. ஆனால் மலையடிவாரத்தில் பறக்கும் பிளாஸ்டிக் பை வனத்துறை விற்றதல்ல; நம்மைப் போன்ற கடைகளில் கொடுத்தது. 2019 ஜனவரி முதல் தடை இருந்தும், கேட்பவருக்கு நீட்டும் கை இன்னும் நம்மிடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம்.

நம் முன்னோர் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை ஒதுக்கிப் பள்ளிக்கூடமும் கோயிலும் கட்டினார்கள். திருவிழாவுக்கும் நாடகத்துக்கும் நாம் இன்றும் தாராளமாகத் தருகிறோம். அதில் ஒரு சிறு பங்கை மலைக்கு ஒதுக்குவோம். அது சோலை மரக் கன்றுக்கு ஆகட்டும். நம்மூர்ப் பிள்ளைகளை ஒருநாள் மலைக்கு அழைத்துச் சென்று ஓடை பிறக்கும் இடத்தைக் காட்ட ஆகட்டும். தைப்பூசப் பாதயாத்திரை வழியில், குப்பை போடாதீர் என்று சொல்லும் ஒயிலாட்டத்துக்கும் நாடகத்துக்கும் ஆகட்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறோம். முதல் போடாமல் லாபம் கேட்பவன் வியாபாரி அல்லன். மலையிடம் இதுவரை லாபம் மட்டுமே எடுத்தோம். இனிக் கொஞ்சம் முதலும் போடுவோம்.